மாமாவோட தம்பி

இதை எனக்குச் சொன்னவர் தமயந்தி. தென் மாவட்ட நகரம் ஒன்றின் மருத்துவமனையில், ரத்த அணுக்கள் உருவாகும் விதத்தை ஆராயும் கூடத்தில் முதுநிலை அறிவியலாளர். அவரிடம் இருமுறை கேட்டேன்: முதன்முறை 2022 ஆவணியில், அவர் வீட்டு மொட்டைமாடியில், ஒலிப்பதிவுக் கருவியை இடையில் வைத்து, இரண்டாம் முறை அடுத்த தை மாதம், தொலைபேசியில். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஒவ்வாத இடங்களில் முதற்கூற்றையே கொண்டேன். பேச்சைப் பேசியபடியே விட்டிருக்கிறேன். அவர் மனத்துள் ஓடியதாகச் சொன்னவற்றை எழுத்து நடைக்குக் கொணர்ந்தது என் பொறுப்பு. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

முப்பது நிமிடம். டைமரை அழுத்திவிட்டேன். இனி முப்பது நிமிடம் இந்த இரண்டு குழாய்களும் ஐஸ் பெட்டிக்குள், அலுமினியத் தாளின் அடியில், இருட்டில் கிடக்க வேண்டும்; வெளிச்சம் பட்டால் சாயம் கெட்டுவிடும். ஒன்றில் முகிலனின் ரத்தம், மற்றதில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக என் ரத்தம். ஏழு மாதக் குழந்தையிடம் முக்கால் மில்லி எடுக்க ஸ்டெல்லா சிஸ்டர் மூன்று இடங்களில் குத்த வேண்டியிருந்தது, அவன் அழவில்லை, அழுவதற்கான மூச்சு அவனிடம் இல்லை, வாயை மட்டும் திறந்தான், நாக்கு முழுவதும் வெள்ளை படிந்த வாய். என் கைக்கு ஒரே குத்து. வேற ஆளே கெடைக்கலையா மேடம் என்று சிஸ்டர் சிரித்தார், வேறு ஆளைத் தேட எனக்கு நேரமில்லை, நாலு மணிக்கு அவன் வீட்டார் வைத்தியம் வேண்டாமென்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், இப்போது மணி இரண்டு ஐம்பது. முழங்கை மடிப்பில் பஞ்சு இன்னும் ஒட்டியிருக்கிறது. கோபத்தோடு பிப்பெட்டைத் தொடாதீர்கள் என்று ஆண்டுதோறும் புதிய மாணவர்களுக்குச் சொல்கிறவள் நான், இன்று ஐந்து மைக்ரோலிட்டர் சாயத்தை எடுக்க இரண்டு முறை முனை மாற்றினேன். நீங்க செல்லைப் பாருங்க தமயந்தி, மாமன் யாரு மச்சான் யாருன்னு பாக்க இது கல்யாண மண்டபம் இல்ல. இயக்குநர் கருணாகரன் சொன்னார், இன்று காலை பதினொன்றரைக்கு, கணினித் திரையிலிருந்து கண்ணைத் திருப்பாமல். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருடைய நகைச்சுவையை அவரே முதலில் ரசிப்பார், பிறகு நாங்கள் ரசிக்க வேண்டும், பதினேழு ஆண்டுகளாக ரசித்திருக்கிறேன். இன்று ரசிக்கவில்லை. சார், படம் தப்பு என்றேன். எந்தப் படம்? குடும்ப வரைபடம் சார், முகிலனோட குடும்பம், அந்தக் கறுப்புச் சதுரம் தப்பான இடத்துல இருக்கு. அவர் கை மௌஸின் மேல் நின்றது, ஒரு கணம்தான், கட்டுரை ஜர்னலுக்குப் போயாச்சும்மா, அதான் முதல் படமே, திருத்தம் வேணும்னா பின்னாடி பாத்துக்கலாம். பின்னாடி. அந்தக் குழந்தைக்குப் பின்னாடி என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். எது சரி? என்ன சரி?

தாய் வழி. இந்தச் சொல்லை அவர் வார்டில் வைத்துச் சொன்னார், போன செவ்வாய்க்கிழமை, சுற்றிவரும்போது, கண்ணாடி அறைக்கு வெளியே நின்று, ஆறு பேர் கேட்க. நோய் என்ன என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எலும்பு மஜ்ஜைக்குள் இருக்கும் ஒரு மூல அணுவிலிருந்துதான் ரத்தத்தின் அத்தனை அணுக்களும் கிளைக்கின்றன, சிவப்பணு ஒரு கிளை, தட்டணு ஒரு கிளை, கிருமியோடு மல்லுக்கட்டும் அணுக்கள் வேறு கிளைகள், இந்தக் குழந்தைக்கு அவற்றில் ஒரு கிளை முளைக்கவே இல்லை. டி செல் சுழியம். நானே எண்ணினேன், மூன்று முறை, சுழியம், சுழியம், சுழியம். பி செல் இருக்கிறது, ஆனால் டி செல் துணையில்லாமல் அதனால் பயனில்லை. காற்றில் மிதக்கும் எதுவும் அவனைக் கொல்லும், தாயின் முத்தம் கொல்லும். வேறொருவரின் மஜ்ஜையைக் கொடுத்தால் பிழைப்பான், அவ்வளவுதான், அதற்கு அப்பால் மருந்தில்லை. கூடப் பிறந்தவர்கள் இல்லை. அம்மா முத்துப்பேச்சி ஐந்து மாதக் கர்ப்பிணி, அவளிடம் எடுக்க முடியாது. மிச்சம் அப்பா வேல்மயில், பாதிப் பொருத்தம், பாதி போதும். அவனும் முதல் வாரம் சரி என்றுதான் தலையாட்டினான். அப்போதுதான் அந்தத் தாய் வழி வந்து விழுந்தது. ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் வரும், பெண்கள் வழியாகக் கடத்தப்படும், ஆகவே தாய் வழி. இயக்குநர் இதைத் திட்டாகச் சொல்லவில்லை, மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னார். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் வேல்மயிலின் தாய் சீனியம்மாள் இருந்தார், மருத்துவச் சொற்கள் நூறில் தொண்ணூற்றொன்பது அவருக்குப் புரியாது, இந்த ஒன்று புரிந்தது. தாய் வழியாம்ல. பெரிய டாக்டரே சொல்லிட்டாரு. அவ வீட்டு ரத்தத்துல சீக்கு, அதுக்கு எம்மவன் எதுக்கு இடுப்பெலும்புல ஓட்ட போட்டுக்கணும்? தறி ஓட்டுறவன், நாள் முழுக்க நின்னு பாக்குற வேல. அவுக ஆளுக யாரையாச்சும் குத்தச் சொல்லுங்க. முத்துப்பேச்சி சுவரோரம் நின்றாள், முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். வேல்மயில் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன்மீதும் எனக்குக் கோபம், இருபத்தொன்பது வயது ஆண்பிள்ளை, தன் பிள்ளைக்குத் தன் மஜ்ஜையைத் தரத் தாயிடம் உத்தரவு கேட்டு நிற்கிறான். அந்த அம்மாள்மீது கோபம். இயக்குநர்மீது கோபம். இப்படி ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டே வந்தால் கடைசியில் வரிசையில் யார் நிற்கிறார் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் மெதுவாக எண்ணுகிறேன்.

அந்தப் படத்தில் இருக்கும் கையெழுத்து என்னுடையது. ஆகட்டும், சொல்லியாயிற்று. குடும்ப விவரம் கேட்டெழுதும் பெண் பேறுகால விடுப்பில் போயிருந்தாள், அந்த வாரம் அந்த வேலை என்னிடம் வந்தது, வட்டம் பெண், சதுரம் ஆண், கறுப்பு அடைத்தால் நோயாளி, குறுக்கே கோடு இழுத்தால் இறந்தவர், நான்கு தலைமுறை, ஒரு தாளில் அடக்க வேண்டும். நேரம் கிடைத்த மதியத்தில் முத்துப்பேச்சியை உட்கார வைத்தேன். வேல்மயில் டீ வாங்கப் போயிருந்தான், சீனியம்மாள் அப்போது ஊரில். குடும்பத்துல யாராவது சின்னக் கொழந்தையா இருக்கறப்பவே தவறியிருக்காங்களா? யோசித்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். மாமாவோட தம்பி ஒருத்தரு, பொறந்து ஆறு மாசத்துல தவறிட்டாராம் மேடம், இவன மாரியே வாயெல்லாம் புண்ணு, வயித்தால போயிக்கிட்டே இருந்துச்சாம். என் பேனா அங்கேயே துள்ளியது. ஆறு மாத ஆண் குழந்தை, வாய்ப்புண், வயிற்றுப்போக்கு. நான் கவனக்குறைவானவள் அல்ல, சரிபார்த்தேன், சத்தியமாகச் சரிபார்த்தேன். உங்க மாமாவோட தம்பியா? ஆமா மேடம். உங்க மாமாவோட கூடப் பொறந்தவரு? ஆமா மேடம், சொந்தத் தம்பி. நீங்க சொந்தத்துல கல்யாணம் பண்ணவங்களா? இல்ல மேடம், அசல்தான். அசல் என்றால் உறவில்லாத இடம், அது எனக்குத் தெரியும், தெரிந்ததுதான் கெடுத்தது, கணவன் உறவுக்காரன் இல்லையென்றால் மாமா என்பவர் கணவன் பக்கத்தவராக இருக்க முடியாது என்று என் மூளை ஒரு கதவைச் சாத்தியது. மாமா என்றால் அவள் அம்மாவின் அண்ணன் தம்பி. ஆகவே மாமாவின் தம்பியும் அம்மாவின் தம்பி. முத்துப்பேச்சியுடைய அம்மாவின் தாயிடமிருந்து ஒரு கோடு இறக்கி, கடைசியில் ஒரு சதுரம் வரைந்து, கறுப்பை அடைத்து, குறுக்கே கோடு இழுத்தேன். அழகாக வரைந்தேன். அளவுகோல் வைத்து வரைந்தேன். தாய்மாமனா என்று ஒரு சொல்லைக் கூட்டிக் கேட்டிருந்தால் போதும். அந்த ஒரு சொல்லை நான் கேட்காமல் விட்டேன், அது வார்டுக்குப் போய்த் தாய் வழி என்று ஆயிற்று.

இன்று காலை ஒன்பதே முக்காலுக்கு முத்துப்பேச்சி எங்கள் ஜன்னலுக்கு வந்தாள், தன் ரத்தத்தைக் கொடுக்க. கொடுத்துவிட்டுத் திரும்பும்போது தாழ்வாரத்தின் கோடியைப் பார்த்து, மாமா, அந்தப் பைய எடுத்துக்கங்க என்றாள். நான் தலையைத் தூக்கினேன். ஒரு பெரியவர் வருவார், நரைத்த மீசை, தோளில் துண்டு, அப்படி ஒருவரைத் தேடின என் கண்கள். கட்டம் போட்ட சட்டையில் வேல்மயில் வந்து பையை எடுத்தான். அவ்வளவுதான் நடந்தது. உலகத்தில் வேறு யாருக்கும் அது ஒன்றுமேயில்லை. கட்டினவனை மாமா என்று கூப்பிடுகிறார்கள். அறியாதவளா நான்? இந்த ஊரில் பதினேழு ஆண்டு. பஸ்ஸில், கறிக்கடையில், எங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் வாயில், எத்தனை முறை கேட்டிருக்கிறேன், மாமா குடிச்சுட்டு வந்தாருக்கா, மாமாவுக்கு இன்னிக்கு வேல இல்லக்கா. காது கேட்டது, பேனாவுக்குக் கேட்கவில்லை. பேனா நான் வளர்ந்த காஞ்சிபுரத்துப் பேனா. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு அப்பாவைக் கூப்பிடச் சொல்லே கிடையாது. பெயர் சொல்ல மாட்டார், முறை சொல்ல மாட்டார், இந்தாங்க என்பார், அதுவும் பக்கத்தில் இருந்தால். கருட சேவைக் கூட்டத்தில் ஒருமுறை அப்பா முன்னால் போய்விட்டார், தலை மட்டும் தெரிகிறது, அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே, என்னை ஒட்டி நின்றுகொண்டே, தமயந்தீ, தமயந்தீ என்று கத்தினார், மகள் பெயர் கேட்டு அப்பா திரும்புவார் என்று. நான் இங்கதானேம்மா இருக்கேன் என்றேன், எட்டு வயது எனக்கு, சும்மா இருடி என்று தலையில் ஒரு குட்டு. அப்பா திரும்பினார். அந்த வீட்டில் வளர்ந்தவள் குடும்ப வரைபடம் வரைய உட்கார்ந்தேன். சிரிப்பாக இருக்கிறது, சிரிக்க வரவில்லை. பதினெட்டு நிமிடம் இருக்கிறது.

(இரண்டாம் முறை சொன்னபோது இவ்விடத்தில் பன்னிரண்டு நிமிடம் என்றார். கருட சேவையும் அப்போது இல்லை. அம்மா குரல் கொடுத்தது ரயில் நிலையத்தில்.)

சுவரில் ரத்தத்தின் மரம் தொங்குகிறது. அதுவும் ஒரு குடும்ப வரைபடம்தான், மேலே மூல அணு, கீழே கிளை, அதற்குக் கீழே கிளை, ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு வண்ண உருண்டை. நான் எம்.எஸ்ஸி. படிக்கும்போது இந்த மரத்தில் இயல்புக் கொல்லி என்ற நோயெதிர்ப்பு அணு தனியே ஒரு மூலையில் கிடந்தது, அதன் பெற்றோர் யார் என்று எவருக்கும் உறுதியில்லை. பிறகு கொண்டுவந்து டி செல்லின் பக்கத்தில் ஒட்டினார்கள். தட்டணுக்களின் கிளை மூல அணுவிலிருந்து நேரே இறங்குகிறது என்று பின்னால் ஒரு கூட்டம் சொன்னது, மாநாடு வைத்தார்கள், சண்டை போட்டார்கள், விருந்து சாப்பிட்டார்கள், கோட்டை அழித்துப் புதுக்கோடு போட்டார்கள். ஓர் அணுவின் தாய் யார் என்று திருத்துவதற்கு உலகம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறது, ஒரு குழந்தையின் தாய் யார் என்று திருத்துவதற்குக் கருணாகரனிடம் பத்து நிமிடம் இல்லை. அந்தச் சதுரத்தை நம்பித்தான் நாங்கள் அந்த ஒரே ஒரு மரபணுவைப் படித்தோம், தாய் வழியே வரும் மரபணு. படித்தால் ஓர் எழுத்து மாறியிருந்தது, பொருள் உறுதியாகாத மாற்றம் என்று அறிக்கையில் எழுதினோம், உறுதியாகாத என்ற அந்தச் சொல்லைச் சதுரத்தின் கறுப்பால் மெழுகினார் இயக்குநர், மாமன் இறந்திருக்கிறார் அல்லவா, ஆகவே உறுதி. ஆட்களில் ஆளுக்கு ஓரெழுத்து மாறியே இருக்கும், என்னை அலசினால் எனக்கும் இருக்கும், அதுவே நோய் ஆகிவிடாது. இதே நோயை அச்சு அசலாகத் தரும் இன்னொரு மரபணு இருக்கிறது, அது தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று, இரண்டும் பழுதாகச் சேர்ந்தால்தான் நோய். ரெண்டு வீடும் அசல் என்றாலும் பூர்வீகம் ஒரே ஐந்தாறு கிராமம், எங்கோ பழைய காலத்தில் ஒரே அடுப்பாக இருந்திருக்கலாம். அதைப் படிக்கவே இல்லை. படிக்கத் தோன்றவில்லை. படம் இருக்கிறதே.

இப்போது அலுமினியத் தாளின் அடியில் நடப்பது இதுதான். தாய் வழி மரபணு ஒரு புரதத்தைச் செய்கிறது, அணுவின் மேற்பரப்பில் கைபோல நீட்டிக்கொண்டிருக்கும் புரதம். சாயம் அந்தக் கையைத் தேடிப் பிடிக்கும். முகிலனின் பி செல்களில் அந்தக் கை இல்லையென்றால் இயக்குநர் சொன்னதுதான் சரி, தப்பான படத்திலிருந்து சரியான விடை, என் கோபம் வெறும் கூச்சல். கை இருந்தால், என் ரத்தத்தில் இருப்பதைப்போல அவனுக்கும் இருந்தால், தாய் வழி மரபணு பெரும்பாலும் குற்றமற்றது. பெரும்பாலும்தான், முழு நிரூபணம் இல்லை, பயனற்ற கையும் நீட்டிக்கொண்டு நிற்கலாம், இதையும் நான் சொல்லத்தான் வேண்டும், சொல்லாமல் விடும் ஆளாக இருந்தால் எனக்கும் கருணாகரனுக்கும் என்ன வேறுபாடு. பயமாக இருக்கிறது. இல்லை என்று வந்துவிட்டால் என்ற பயம், இருக்கிறது என்று வந்துவிட்டால் என்ற பயம். மார்ச்சில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும், கையெழுத்து அவருடையது, இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது, அசிங்கம், போ. இருக்கிறது என்று வந்தால் கீழே போய் என்ன சொல்வேன்? பாட்டியம்மா, அவ வீட்டு ரத்தம் மட்டுமில்ல, உங்க வீட்டு ரத்தமும்தான். செத்துப்போன அந்த ஆறு மாசப் பிள்ளை உங்க பிள்ளைதான். மறைச்சிட்டீங்க. மருமகள் தலையில போட்டீங்க. இப்படிச் சொல்ல வேண்டும். வாக்கியத்தைப் பல்லுக்கிடையில் வைத்துத் தீட்டுகிறேன், பழியை ஒரு வீட்டு வாசலிலிருந்து தூக்கி எதிர்வீட்டு வாசலில் வைப்பதற்கா நான் பதினேழு ஆண்டு அணுக்களை எண்ணினேன் என்று ஒரு குரல் கேட்கிறது, கேட்கட்டும், முதலில் அந்த அம்மாள் முகம் சுருங்குவதை நான் பார்க்க வேண்டும். முத்துப்பேச்சி முந்தானையால் வாயைப் பொத்தி நின்றாளே. வேறு யார் அதற்கு விடை சொல்வார்கள்?

டைமர் அடித்தது. குழாய்களைக் கழுவினேன், சுழற்றினேன், கழுவினேன், கருவியின் ஊசிக்குக் கீழே முதலில் என் குழாயை வைத்தேன், திரையில் என் பி செல்கள் ஒரு குன்றாக வலப்பக்கம் எழுந்தன, சாயம் பிடித்தால் வலப்பக்கம், பிடிக்காவிட்டால் இடப்பக்கம். பிறகு அவன் குழாய். குறைந்த ரத்தம், மெதுவாக வந்தது, ஒவ்வொரு அணுவாக, தூறல்போல. இருநூறு. ஐந்நூறு. குன்று எழ ஆரம்பித்தது. இடப்பக்கமா வலப்பக்கமா என்று மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வலப்பக்கம். என் குன்றின் மேலேயே அவன் குன்று, ஒன்றின்மேல் ஒன்று படிந்து, பிரித்தறிய முடியாதபடி. கை இருக்கிறது. இரண்டாயிரம் அணு வரும்வரை விட்டேன். அச்சிட்டேன். அலமாரியைத் திறந்து குடும்ப வரைபடத்தின் மூலத் தாளை எடுத்தேன், என் கையெழுத்து, என் அளவுகோல், படிக்கட்டில் இறங்கும்போது மணி மூன்று ஐம்பத்திரண்டு.

ஆலோசனை அறையில் மூவரும் இருந்தார்கள். மேசைமேல், மருத்துவர் சொல்லை மீறி அழைத்துச் செல்கிறோம் என்ற படிவம். சீனியம்மாளின் காலடியில் கட்டி வைத்த கட்டைப்பை. டாக்டர் வரலியா என்றார், அஞ்சேகாலுக்கு எங்களுக்கு வண்டி இருக்கு. வாசலில் ஸ்டெல்லா சிஸ்டர் நின்றார், போகவுமில்லை, வரவுமில்லை. நான் உட்காரவில்லை.

"முத்துப்பேச்சி, அன்னிக்கு எங்கிட்ட மாமாவோட தம்பின்னு சொன்னீங்களே. மாமான்னா யாரு?"

அவள் மாமியாரைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பிறகு மோவாயை மட்டும் ஓர் அங்குலம் வேல்மயில் பக்கம் திருப்பினாள். "இவுகதான்."

"என்னையத்தான் மேடம்" என்றான் அவன், "அப்படித்தான் கூப்புடுவா. ஏன், தப்பா?"

"எந்தத் தம்பி?" என்றார் சீனியம்மாள். குரல் உயர்ந்திருந்தது. "யாருடி சொன்னா ஒனக்கு? எந்தத் தம்பி?"

தீட்டி வைத்த வாக்கியம் என் நாக்கின் நுனியில் இருந்தது. தாளை மேசைமேல் விரித்தேன், கறுப்புச் சதுரத்தின்மேல் விரலை வைத்தேன், வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"இது என்ன, கறுப்பா?"

"ஆறு மாசத்துல தவறின ஆம்பளப் பிள்ளம்மா."

குனிந்தார். சதுரத்திலிருந்து மேலே போகும் கோட்டின்மீது அவர் விரல் ஏறியது, தறியின் பாவு நூலில் அறுந்த இழையைத் தேடுகிறவரைப்போல, ஓர் இழையும் தவறாமல். வட்டத்தில் நின்றது. "இது யாரு?"

"முத்துப்பேச்சியோட அம்மாவைப் பெத்தவங்க."

"அவளா பெத்தா?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், முகம் சுருங்கவில்லை, நான் காத்திருந்தது அது அல்ல, அந்த முகத்தில் இருந்த கோபத்துக்கு முன்னால் என் கோபம் நேற்றுப் பிறந்தது.

"எம்புள்ளைய எதுக்குடி அவுக வீட்டுல கொண்டுபோயி வச்ச?"

"அம்மா" என்றான் வேல்மயில்.

"நீ சும்மா இருல. ஏத்தா, படிச்சவதானே நீ? ஆறு மாசம் இந்த மடியில கெடந்தவன். யாரு கேட்டு அவன அங்க வச்ச? எடு. எடுத்து இங்க வையி." படத்தின் மறுபக்கத்தில் ஒரு வட்டத்தைத் தட்டினார், எது தன்னுடைய வட்டம் என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, மகனின் சதுரத்திலிருந்து மேலேறித் தானே கண்டுபிடித்திருந்தார். என்னிடம் பேனா இருந்தது, அளவுகோல் இல்லை. பழைய சதுரத்தை அடித்தேன். வேல்மயிலின் பக்கத்தில் கோடு இறக்கி, கோணலாக, புதிதாக ஒன்று வரைந்தேன். அவர் குனிந்தே இருந்தார்.

"கறுப்பாத்தான் போடணுமா?"

"ஆமாம்மா."

"போடு."

அடைத்தேன். இது ரெண்டு வீட்டுலயும் இருந்தாத்தான் வரும்மா, ஒரு வீட்டுல மட்டும் இருந்தா வராது, இன்னும் ஒரு பரிசோதனை பாக்கி இருக்கு என்று பிறகு சொன்னேன், மெதுவாகச் சொன்னேன், எந்த வீட்டையும் முதலில் வைக்காமல் சொல்ல முயன்றேன். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டு, வேலு, எங்க கையெழுத்துப் போடணும்னு கேளு என்றார். நாலு இருபதுக்கு இயக்குநர் உள்ளே வந்தார், தாளைப் பார்த்தார், அடித்ததைப் பார்த்தார். தமயந்தி, இது ஒரிஜினலாச்சே. இப்பத்தான் சார் ஒரிஜினல் என்றேன், திரை அச்சை அவர் கையில் கொடுத்தேன், படிவத்தை எடுத்துக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

தமயந்தியின் கூற்று இங்கே முடிகிறது. வேல்மயில் அன்று மாலையே ஒப்புதல் கொடுத்தான் என்றும், மற்ற மரபணுவில் இரு பக்கத்துப் பழுதும் பின்னர் உறுதியாயிற்று என்றும், மஜ்ஜை செலுத்திய தொண்ணூற்று நான்காம் நாளில் முகிலனின் ரத்தத்தில் டி செல்களைத் தாமே எண்ணியதாகவும் சொல்கிறார்.

வாசலில் நின்ற செவிலியர் ஸ்டெல்லா மேரியிடம் 2023 பங்குனியில் கேட்டேன். மாமா யார் என்ற கேள்வியும் மோவாய் திரும்பியதும் இவர் கூற்றிலும் உண்டு. ஆனால் சீனியம்மாள் படத்தைத் தொடவே இல்லை என்கிறார். எழுந்து பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாராம்; குழந்தையைக் கொண்டுபோகவில்லை, அவ்வளவுதான். வேல்மயில் தாயோடு ஊருக்குப் போய், பதினோராம் நாள் யாரிடமும் சொல்லாமல் தனியே வந்து கையெழுத்துப் போட்டான். அதற்குள் முகிலனுக்குக் காய்ச்சல் கண்டு, சிகிச்சை ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. படிவத்தைக் கிழித்தவர் தமயந்தி அல்லர், தாமே என்கிறார். குழந்தை பிழைத்தான் என்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை.

மூன்றாவதாகச் சீனியம்மாளிடம் கேட்டேன், அதே ஆண்டு வைகாசியில், அவர் வீட்டுத் தறிக்கூடத்தில். தறி நிற்கவில்லை என்பதால் பதிவில் சில இடங்கள் தெளிவில்லை. மருத்துவமனையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டேன். அவர் கூற்று இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் தொடங்குகிறது. அதில் தமயந்தி இல்லை, இயக்குநர் இல்லை, படமும் இல்லை. முகிலன் என்ற பெயர் ஒருமுறைகூட வரவில்லை. ஒன்றே கால் மணி நேரமும் வந்த பெயர் செந்தூர். அவனுக்கு வாய்ப்புண் வந்தபோது தாய்ப்பால்தான் விஷம் என்று அவருடைய மாமியார் சொல்லி, குழந்தையைப் பிரித்து வேறு அறையில் போட்டு, ஆட்டுப்பால் புகட்டினார்களாம். பிரித்த பன்னிரண்டாம் நாள், தாய் முகம் காணாமலே அவன் இறந்தான் என்பது ஊரில் நான் விசாரித்த நால்வரும் சொல்வது. சீனியம்மாள் மட்டும் வேறாகச் சொல்கிறார்: கடைசி நாள் விடியற்காலையில், வீட்டார் எழும்முன், கதவைத் தள்ளி உள்ளே போய் அவனை எடுத்து மடியில் போட்டுக்கொண்டதாகவும், அவன் குடித்ததாகவும்.